பதினான்காம் வீட்டின் பூஜ்யம்

வீடு எண் பதினான்கு. நான்காம் மாடி. வசிப்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற பெண்மணி. ரேடியேட்டர்கள் நான்கு, நான்கும் மூடிய நிலையில். குளிர்காலத்தில் பயன்படுத்திய வெப்பம் பூஜ்யம். வகை: வெப்பம் பயன்படுத்தாத வாடிக்கையாளர்.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் ஓரத்தில் உள்ள அந்தக் கான்கிரீட் அடுக்குமாடிக் கட்டடத்தின் சூட்டை வீடுவீடாகப் பங்கு பிரிப்பதற்கென்றே ஒரு கம்பெனி இருந்தது. அது அதனாஸ்கா கெர்கினோவாவைப் பற்றி இப்படித்தான் பதிந்து வைத்திருந்தது. படிக்கிறவர் மனதில் உடனே ஒரு சித்திரம் எழும்: இரண்டு சால்வை, மூன்று காலுறை, பேசும்போது வாயிலிருந்து ஆவி. இரக்க சுபாவம் உள்ளவராக இருந்தால் ஒரு போர்வை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்படிக் கிளம்பி வந்து, ஜனவரி மாதத்தில், வெளியே பனி முழங்காலளவு கிடக்கும்போது பதினான்காம் வீட்டுக் கதவைத் தட்டினால், கையில்லாத பட்டுச் சட்டை போட்ட ஒரு பருமனான அம்மாள் வந்து திறப்பாள். கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். வெறுங்கால். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கும்; காற்று இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். ஜன்னலோரத் தொட்டியில் எலுமிச்சை பூத்திருக்கும். கொண்டுவந்த போர்வையை வாங்கிப் பார்த்துவிட்டு, யாருக்குக் குளிர்கிறது என்று அக்கறையோடு விசாரிப்பாள்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. அவள் வீடு நடுவில் இருந்தது, அவ்வளவுதான். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, பக்கத்தில் ஒரு வீடு, மூன்றிலும் ரேடியேட்டர்கள் எரிந்தன. வெந்நீர்க் குழாயால் அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு ரேடியேட்டரின் நெற்றியிலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டியிருக்கும். அது எவ்வளவு எரிந்தது என்று எண்ணிக்கொண்டே வரும். கோடை தொடங்கும்போது கம்பெனி ஆள் வந்து எண்களைப் படித்துக்கொண்டு போவான். கட்டடம் மொத்தமாக எரித்த சூட்டை அந்த எண்களை வைத்துத்தான் பிரிப்பார்கள். சுவருக்குப் பெட்டி கிடையாது. தரைக்கும் கூரைக்கும் கிடையாது. மூன்று வீட்டுச் சூடும் கதவைத் தட்டாமல் அதனாஸ்காவின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டடத்துக்குள் ஓடும் குழாய்களுக்கான பொதுப் பங்கை மட்டும் அவள் எல்லோரையும் போலக் கட்டினாள். அதைத் தாண்டி அவள் கணக்கு ஒன்பது குளிர்காலமாகப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அவள், மற்றவர்கள் பிள்ளைகள் வாங்கிய மெடலைப் பற்றிப் பேசுவதைப்போலப் பேசுவாள்.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் அவள் இறைச்சிக் கிடங்கின் உறைகுளிர் அறைகளில் கண்காணிப்பாளராக இருந்தாள். பஞ்சு வைத்துத் தைத்த நீலக் கோட்டுக்குள்ளேயே இளமை போய்விட்டது. கோட்டு இல்லாமல் தன்னைப் பார்த்த ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் கட்டின புருஷனும் டாக்டரும் சேர்த்தி என்று சிரிப்பாள். இந்தப் பிறவிக்கு உண்டான குளிரை முன்கூட்டியே பட்டு முடித்தாயிற்று, இனி ஒரு துளியும் பாக்கியில்லை என்பது அவள் கட்சி. ஓய்வு பெற்ற அன்றைக்கு அந்தக் கோட்டைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து மரக்கிளையில், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

வருஷத்துக்கு ஒரு நாள் இந்த வாழ்க்கைக்குத் திருவிழா. ஜனவரி பாதியில் அதனாஸ் புனிதரின் நாள் வரும். அவர் பெயரை வைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் அது பெயர் நாள். பிறந்த நாளுக்கு அழைத்தால்தான் வருவார்கள். பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. அவர்களாக வருவார்கள், வீட்டுக்காரர் கதவையும் மேசையையும் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தப் புனிதர் பட்டுச் சட்டையோடு வெள்ளைக் குதிரையில் மலையேறி, குளிரைப் போ என்றும் கோடையை வா என்றும் கத்துவார் என்று சொல்வார்கள். அவர் கத்தின பிறகும் இரண்டு மாதம் பனி கொட்டும். அது வேறு விஷயம். அன்றைக்கு அதனாஸ்காவின் கூடத்தில் அந்த வாசலை, அதாவது ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தும் வீடுகளைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் மெல்லிய சட்டையில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஆளுக்கு ஆள் இந்த வீட்டில் கோடை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்பதற்காகவே அவள் பட்டுச் சட்டை தைத்து வைத்திருந்தாள்.

சட்டையும் வேண்டும், பூஜ்யமும் வேண்டும். ஒன்பது வருஷம் இரண்டும் கிடைத்தன. பத்தாவது குளிர்காலத்தில் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

அதை ஆரம்பித்து வைத்தவர் மேல் வீட்டு லோசான். டிராம் வண்டிகளுக்கு நேர அட்டவணை போட்டே நரைத்தவர். வாசலுக்குத் தலைவராக ஒவ்வொரு வருஷமும், வேறு யாரும் வர மறுப்பதால், ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவார். இலையுதிர் காலத்தில் மாடிப்படியில் ஆளுக்கொரு முக்காலி போட்டு நடக்கும் கூட்டத்தில், விளக்கு மாற்றுவது பற்றிப் பேசி முடித்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"அதனாஸ்கா, உன் வீட்டுல எலுமிச்சை பூக்குது. சந்தோஷம். ஆனா எங்க காசுல பூக்குது."

"அண்ணே, உங்க சூட்டை என் வீட்டுக்கு வரச்சொல்லி நான் கடுதாசி போட்டேனா? அதுவா வருது. வந்த விருந்தாளியை வெளிய போன்னு சொல்ற பழக்கம் எனக்கில்ல."

"விருந்தாளி ஒன்பது வருஷமா தங்கியிருக்காரு."

"அப்ப உங்க வீட்டுல மரியாதை சரியில்லன்னு அர்த்தம். வேணும்னா ஒரு வாளி எடுத்துட்டு வாங்க, மொண்டு தர்றேன்."

படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. லோசானும் சிரித்தார், அப்படிச் சிரிப்பவர் மறக்கமாட்டார்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு ஸ்லாத்தினாவின் சமையலறையில் மூன்று வீட்டார் கூடிக் காபி குடித்தார்கள். ஸ்லாத்தினா மருந்துக் கடைக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு 'அமைச்சர்' என்று பெயர் வைத்த ஒரு பூனையோடு வாழ்ந்தாள். எந்த வேலையும் செய்யாமல் எல்லோர் வீட்டிலும் சாப்பிடுவதால் அந்தப் பெயர். கீழ் வீட்டிலிருந்து ஸ்விலெனும் பில்யானாவும் வந்திருந்தார்கள். இளம் தம்பதி, கல்யாணமாகி முதல் குளிர்காலம். தீர்மானம் எளிமையானது. அதனாஸ்காவைச் சுற்றியுள்ள மூன்று வீடுகளும் ரேடியேட்டர்களை மூடிவிட வேண்டும். அவள் திறக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. பெயர் நாளைத் தாண்டமாட்டாள் என்று லோசான் அட்டவணை போட்டுச் சொன்னார்.

ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். தான் மூடினாலும் மற்ற இருவரில் ஒருவராவது ரகசியமாகத் திறந்து வைப்பார், அந்தச் சூடு எப்படியாவது நம்மிடம் வந்து சேரும் என்று ஸ்லாத்தினா நினைத்தாள். அதையேதான் ஸ்விலெனும் நினைத்தான். சூடு மேலே ஏறும் பொருள், ஆகவே மேல் வீட்டுக்காரனுக்குப் பாதகமில்லை என்று லோசான் நினைத்தார். எங்கிருந்து ஏறும் என்பதை அவர் நினைக்கவில்லை. பிறர் சூட்டில் வாழ்வதைக் கண்டிக்கவென்று கூடிய மூன்று வீட்டாரும், பிறர் சூட்டில் வாழ்வது என்ற ஏற்பாட்டோடுதான் காபிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்கள்.

நவம்பர் இரக்கம் காட்டியது. டிசம்பரில் நிஜமான குளிர் இறங்கியது. அதனாஸ்கா முதலில் எலுமிச்சையைச் சந்தேகப்பட்டாள், இலை உதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு தன் உடம்பைச் சந்தேகப்பட்டாள். தோளில் ஒரு கம்பளி விழுந்து கிடப்பதைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான், அதைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் விசாரணைக்குக் கிளம்பினாள்.

கீழ் வீட்டில் ஸ்விலென் கால்சட்டையோடு மட்டும் கதவைத் திறந்தான். உதடு நாவற்பழ நிறம். வீட்டில் ஒரே புழுக்கம் என்றான். உள்ளேயிருந்து பில்யானா ஒரு தட்டால் விசிறிக்கொண்டே வந்தாள். விசிறிக்கொண்ட கை கையுறைக்குள் இருப்பதை மறந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் ஸ்லாத்தினா பூப்போட்ட கோடை அங்கியில் நின்று, வியர்த்துக் கொட்டுவதாகப் புலம்பினாள். அவள் அசையும்போதெல்லாம் அங்கிக்குள்ளிருந்து வெந்நீர்ப் பை களக் களக் என்று ஒப்புக்கொண்டது. அமைச்சரைக் காணோம். அவர் ஸ்விலென் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது. நான்கு வீட்டிலும் சேர்த்துச் சூடாக இருந்த பொருள் அது ஒன்றுதான். பூனைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மேல் வீட்டில் லோசான் கை வைக்காத பனியனோடு நின்றார். தோளில் புல்லரித்திருந்தது.

"உள்ள நல்லா சூடா இருக்குபோல, அண்ணே."

"தாங்க முடியல அதனாஸ்கா. ஜன்னலைத் திறக்கலாமான்னு பாத்துட்டிருக்கேன்."

"திறங்களேன்."

"திறந்தா காத்தோட்டம் பட்டுடும். இந்த வயசுல கழுத்து பிடிச்சுக்கும்."

அவர் தோளுக்கு மேலாகப் பார்த்த அதனாஸ்கா, நாற்காலி முதுகில் அவசரமாகக் கழற்றிப் போட்ட ஒரு கோட்டைக் கண்டாள். பஞ்சு வைத்துத் தைத்தது. நீலம். இடது கையில், கொக்கி மாட்டிக் கிழிந்த இடத்தில், அவளே சிவப்பு நூலால் போட்ட தையல்.

"அந்தக் கோட்டு?"

"அதுவா, பூச்சி அரிக்குது. காத்தாட வச்சிருக்கேன்."

"நல்ல கோட்டு. இடுப்புல கொஞ்சம் புடிக்கும், பாத்துக்குங்க."

கதவு மூடியதும் அவள் படியில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பு பாதி, நடுக்கம் பாதி. எது எந்தப் பாதி என்று அவளுக்கே பிரிக்க முடியவில்லை. இறைச்சிக் கிடங்கிலேயே ஆயுளைக் கழித்தவளோடு குளிர்ப் பந்தயம். அதுவும் அவள் கோட்டையே போட்டுக்கொண்டு. மூன்று வீட்டையும் மார்ச் மாதம்வரை விறைக்க வைக்கலாம் என்று முடிவு செய்துகொண்டு இறங்கினாள். கீழ்ப்படியை மிதிக்கும்போதுதான் பெயர் நாள் நினைவுக்கு வந்தது. வாசல் முழுக்க வரும். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறக்க வேண்டும். கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போவார்கள்?

அன்றிலிருந்து அவள் அடுப்பைக் கொண்டு போரிட்டாள். மின்சார அடுப்பு விடிந்ததும் எரியத் தொடங்கும். சீஸ் வைத்து மடித்த பனித்சா, பூசணிக்காய், ஆப்பிள், முட்டைக்கோஸ் மேல் படுக்க வைத்த பன்றிக்கறி; ஒன்று வெளியே வந்தால் இன்னொன்று உள்ளே போகும். இப்படி எரிக்கிற சூட்டுக்கு ரேடியேட்டர் சூடு எவ்வளவோ மலிவு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அடுப்பின் நெற்றியில் வெள்ளைப் பெட்டி கிடையாது. அது பூஜ்யத்தைத் தொடாது.

வாசனை மாடிப்படியில் ஏறியது, இறங்கியது. முதலில் ஸ்லாத்தினா உப்புச் சரியா என்று பார்த்துச் சொல்ல வந்தாள். பிறகு பில்யானா பக்குவம் கேட்க வந்தாள். ஸ்விலென் பில்யானாவைத் தேடி வந்தான். லோசான் வாசல் விஷயமாகப் பேச வந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி நின்றே பேசினார். முற்றுகை போட்டவர்கள் ஒவ்வொரு மதியமும் முற்றுகைக்குள் வந்து உட்கார்ந்து, இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தங்கள் வீட்டுப் புழுக்கத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு போனார்கள். அதனாஸ்கா ஆமாம் ஆமாம் என்று பரிமாறினாள். ஒருவரும் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சமையலறையில் நடந்த அளவுக்கு நாகரிகமான யுத்தம் பால்கன் நாடுகள் கண்டதில்லை.

ஆனால் சமையலறை சிறியது. பெயர் நாள் மேசை கூடத்தில் போடுவது. கூடத்துக்கு அடுப்பின் கை எட்டவில்லை.

அந்தக் காலை அவள் எழுந்து கூடத்துக்குப் போனபோது மூச்சு புகையாக வந்தது. ஹேங்கரில் பட்டுச் சட்டை சில்லென்று தொங்கியது. தொட்டால் மீனைத் தொட்ட மாதிரி இருந்தது. முந்தின நாள் ஊற்றி வைத்த பன்றிக் கொழுப்பு தட்டில் மெழுகாக நின்றது. அவள் காபி போட்டுக்கொண்டு ரேடியேட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். வெள்ளைப் பெட்டியின் சின்னக் கண்ணாடியில் பூஜ்யம் அமைதியாக இருந்தது, ஒரு பாவமும் அறியாத கோழிமுட்டை மாதிரி. ஒரே ஒரு ரேடியேட்டர், அரைத் திருகு, விருந்தாளிகள் போனதும் மூடிவிடலாம் என்று தனக்குத்தானே பேரம் பேசினாள். அரைத் திருகுக்கும் பூஜ்யம் போய்விடும் என்பது தெரிந்தே பேசினாள். காபி ஆறிப்போயிற்று. அந்தக் கூடத்தில் அது ஆற நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. சட்டையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். எழுந்துபோய்த் திருகைப் பிடித்துத் திருப்பினாள்.

திருகு பம்பரமாகச் சுற்றியது. இரும்பு சூடாகவில்லை. காத்திருந்தாள்; தட்டினாள்; அடுத்ததை முயன்றாள். நான்கும் அப்படியே. பத்து வருஷமாக யாரும் தொடாததால் உள்ளே இருக்கும் ஊசி இறுகி உட்கார்ந்துவிட்டது. திறக்க அவளுக்கு மனம் வந்தபோது திருகுக்கு மனம் வரவில்லை.

வாசல் மணி அடித்தது.

பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் திறந்தாள். மூன்று வீட்டாரும் ஒன்றாக நின்றார்கள். சுபத்துக்கென்று ஒற்றைப்படையாகக் கட்டிய கார்னேஷன் பூக்கள், ஒரு புட்டி ரக்கியாச் சாராயம், உடம்பில் மெல்லிய கோடைச் சட்டை. அதனாஸ்காவின் பெயர் நாளுக்குக் கோட்டோடு போவது சாவு வீட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு போவதைப் போல; லோசானுக்குக்கூட அதற்குத் துணிவு வரவில்லை. பெயர் நல்லா விளங்கணும் என்று வாழ்த்திவிட்டு, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். உள்ளே வந்ததும் நால்வர் முகத்திலும் ஒரே எண்ணம் ஓடியது: அவள் இன்னும் திறக்கவில்லை.

சாப்பாடு தொடங்கியது. எல்லோரும் விறைப்பாக, மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கை கால் அசைந்தால் குளிர் புகுந்துவிடும். என்ன வெயில் இந்த வீட்டில் என்று ஸ்லாத்தினா ஆரம்பித்து வைத்தாள். பழக்கதோஷத்தில் ஸ்விலென் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். லோசான் வாழ்த்துச் சொல்லக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனபோது, பல்லும் கண்ணாடியும் மோதி மணியடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி முயன்றார். மறுபடியும் மணி. பில்யானா மேசைத் துணியைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினாள்; அவள் தோள் குலுங்கியது. அந்த நேரத்தில் கதவிடுக்கு வழியாக அமைச்சர் வந்தார். விருந்தை மோந்தார். ஒவ்வொருவர் மடியாக ஏறி, சூடு பார்த்து, இறங்கினார். கடைசியில் அதனாஸ்காவின் மடிக்கு வந்து, பட்டின் மேல் ஒரு பாதம் வைத்து, சட்டென்று எடுத்து உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய் அடுப்பின் கீழறைக்குள் நுழைந்துகொண்டார்.

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றைக்கும் சர்ச்சை உண்டு. அதனாஸ்கா சிரிக்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாள்.

"லோசான் அண்ணே, திருகு திறக்கல. உங்ககிட்ட இடுக்கி இருக்கா?"

மூன்று மாதமாக லோசான் காத்திருந்த வார்த்தை. வரும்போது என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"நிஜமாவே திறக்கப் போறியா?"

"காலைலயே திறந்தேன். அதுதான் திறக்கமாட்டேங்குது."

"அப்ப பூஜ்யம்?"

"எனக்குக் குளிருது அண்ணே."

அவர் எழுந்து ஓடினார். வயசை மறந்து இரண்டிரண்டு படியாக ஏறி, இடுக்கியும் எண்ணெயும் சுத்தியலுமாக இறங்கி வந்தார். வரும்போது நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்பதை அவரே கவனிக்கவில்லை. மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள்; அதன்பிறகு வேலை நடக்க நேரமாயிற்று, ஏனென்றால் ஸ்லாத்தினா தரையில் உட்கார்ந்துவிட்டாள், தூக்க வந்த பில்யானாவும் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருவராக உண்மையைக் கக்கினார்கள்: வெந்நீர்ப் பை, கையுறை, ஒரே போர்வைக்குள் புதுத் தம்பதி கழித்த மார்கழி. ஸ்விலென் மட்டும் அதைத் தோல்வியென்று சொல்ல மாட்டேன் என்றான்.

லோசான் திருகின் தலையைக் கழற்றி, ஊசியில் எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். உள்ளே ஒரு பெருமூச்சு; பிறகு கொடகொடவென்று காற்று போகும் ஒலி; குழாய் ஒருமுறை உதைத்தது. ஐந்து பேரும் ரேடியேட்டர் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஓரம், பிறகு நடு, பிறகு முழுவதும் சூடேறியது. மற்ற மூன்றையும் திறந்தார்கள். மேசையை அப்படியே தூக்கி ரேடியேட்டர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வெள்ளைப் பெட்டியைப் பார்த்தபடி சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். மற்ற மாடிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்; விஷயம் கேள்விப்பட்டு, தட்டோடு நின்றே பெட்டியைப் பார்த்தார்கள். வருஷப் பிறப்புக்குக் கடிகாரத்தைப் பார்ப்பதைப் போல வாசல் முழுக்க ஒரு பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடம் சூடாயிற்று. கன்னங்கள் சிவந்தன. நெற்றிகள் நிஜமாகவே வியர்த்தன.

பொழுது சாயும் முன் பூஜ்யம் ஒன்றாயிற்று.

எல்லோரும் மேசையைத் தட்டி எழுப்பிய ஒலியில் அமைச்சர் அடுப்பின் கீழறையிலிருந்து வெளியே வந்து விழுந்தார். யாரோ பாட்டுப் போட்டார்கள். கைகோத்துக்கொண்டு வட்ட ஆட்டம் கிளம்பியது. கூடம் போதவில்லை, வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கிற்று, கீழ்த்தளம் வரை போய்த் திரும்பி ஏறிற்று. முன்னால் பட்டுச் சட்டையில் அதனாஸ்கா, ஒரு கையில் கைக்குட்டை சுழல. கடைசியில் நீலக் கோட்டோடு லோசான். இந்த வீட்டில் கோடை வந்துவிட்டது என்று போகும்போது ஆளுக்கு ஆள் சொன்னார்கள்.

அவள் திறந்துவிட்டாள், இனி எல்லோரும் திறக்கலாம் என்பதுதான் ஒப்பந்தம். ஒரு வாரம் கழித்து மேல் வீட்டுக்குப் போன அதனாஸ்கா, லோசான் பனியனோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இந்தத் தடவை புல்லரிப்பு இல்லை. அவருடைய பெட்டியைக் குனிந்து பார்த்தாள். நகரவே இல்லை. கீழ் வீட்டுக்குப் போனாள், அங்கேயும் நகரவில்லை. ஸ்லாத்தினாவின் வீட்டில் அமைச்சர், அதனாஸ்கா வீட்டை ஒட்டிய பொதுச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கினார். அவள் மறுபடி மேலே ஏறி லோசானிடம் போனாள்.

"திறக்கலையா, அண்ணே?"

"எதுக்கு? உன் சூடுதான் வருதே. வந்த விருந்தாளியை வெளிய போன்னு சொல்லலாமா?"

மூடிவிட அவளுக்கு ஒரு விநாடி போதும். திருகு இப்போது வெண்ணெய் மாதிரி திரும்பியது. மூடவில்லை. ஏனென்றால் அன்று திரும்பி வரும்போது அவள் தலை ஒரு சாண் உயர்ந்திருந்தது. அடுத்த நாளிலிருந்து வீட்டுச் சொந்தக்காரி வாடகை வீடு பார்க்கப் போவதைப்போல மூன்று வீட்டுக்கும் போய்வந்தாள். என் சூடு எப்படி இருக்கு, போதுமா, ஜன்னலைத் திறந்து வீணடிக்கவில்லையே என்று விசாரிப்பாள். சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். யார் மேசையிலும் கேட்காமல் உட்காருவாள். அவர்கள் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் வாங்கினபோது கிடைக்காத மரியாதை. எலுமிச்சை மறுபடி துளிர்த்தது.

கோடையில் பங்கு பிரிக்கும் கம்பெனியின் கணக்கு வந்தது. ஒன்பது வருஷம் பூஜ்யம் காட்டிய வீட்டில் திடீரென்று அவ்வளவு பெரிய எண் வந்ததை அவர்களின் இயந்திரம் நம்பவில்லை. பெட்டிகள் பழுது என்று முடிவு செய்து, பதினான்காம் வீட்டுக்கு வழக்கம்போலப் பூஜ்யம் போட்டது. கட்டடம் எரித்த சூடு எங்கேயாவது போக வேண்டுமே. அதை மற்ற வீடுகளின் தலையில் சமமாகப் பிரித்து வைத்தது. ஒரு திருகும் திறக்காமல் குளிர்காலத்தைக் கழித்த லோசான், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குச் சூடு கிடைத்தது உண்மைதானே என்று நியாயமாக யோசித்து, அதனாலேயே இன்னும் கோபப்பட்டார்.

ஆனால் அவரைவிடக் கோபம் அதனாஸ்காவுக்கு. தான் எரித்த சூட்டை மற்றவர்கள் எரித்ததாக எழுதி, ஊருக்குத் தானம் பண்ணிவிட்டார்களாம். பட்டுச் சட்டையோடு கம்பெனி அலுவலகத்துக்குக் கிளம்பினாள், சாட்சிக்கு லோசான். வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அதிகம் போட்டுவிட்டதாகச் சண்டை போட்டார்கள். அவள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண் காகிதத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பூஜ்யம் வந்திருக்கும்மா. பிரச்சினை ஒண்ணும் இல்லையே."

"அதுதான் பிரச்சினை. நான் எரிச்சிருக்கேன், கண்ணு. நல்லா எரிச்சிருக்கேன். எழுதிக்க."

"இல்லம்மா, நீங்க எரிக்கல. இங்க இருக்கு பாருங்க."

"இவரைக் கேளு. இவர் என் சூட்டுலதான் பனியனோட உக்காந்திருந்தாரு."

லோசான் ஆமாம் என்று அழுத்தமாகச் சாட்சி சொன்னார். இளம்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்குக் கூடிவிட்டது என்று புகார் சொல்லத் தனி விண்ணப்பம் இருக்கிறது, குறைந்துவிட்டது என்று சொல்ல எதுவும் இல்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை என்று வருத்தத்தோடு சொன்னாள். பூஜ்யத்தை மாற்ற முடியாது.

அது அப்படியே நிற்கிறது: வெப்பம் பயன்படுத்தாத வாடிக்கையாளர்.

அந்தக் குளிர்காலத்தில், தன் பெயர் நாளிலிருந்து குழாய்களில் சூட்டை நிறுத்திய நாள்வரை, அதனாஸ்கா கெர்கினோவா நான்கு ரேடியேட்டர்களையும் முழுக்கத் திறந்து வைத்து, தன் வீட்டையும் மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் பக்கத்து வீட்டையும் சூடாக வைத்திருந்தாள்.